சுண்ணமும் சுடுமண்ணும்

தமிழில் கட்டடத் தொழிலுக்குரிய சொற்கள் சிலவற்றுக்கு நறுமணம் சார்ந்த மற்றொரு வாழ்க்கையும் உண்டு. சுண்ணம் என்பது மேனியில் பூசும் வாசப்பொடி. சுவரில் பூசும் சுண்ணாம்பும் அதுவே. சாந்து என்பது மார்பில் அணியும் சந்தனக் குழம்பு; கொத்தனார் தம் கரணையில் அள்ளும் கலவையும் அதுவே. சுதை என்னும் சொல்லோ அமுதத்தையும் பாலையும் சுண்ணச் சாந்தையும் ஒருங்கே குறித்து நிற்கும். மணிவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் மகளிர் பாடிக்கொண்டே உரலில் இடிப்பது இறைவனின் நீராட்டுக்குரிய வாசப்பொடி. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு இடித்த பெண்களும் பாட்டோடுதான் இடித்தார்கள். இடிபடும் பொருள் வேறு. உலக்கையும் பாட்டும் வேறல்ல. உடலுக்குப் பூச்சு எப்படியோ அப்படியே வீட்டுக்கும் என்று கருதிய ஒரு சமுதாயத்தின் எண்ணப்போக்கு இச்சொற்களில் படிந்துள்ளது எனலாம்.

இச்சொற்கள் சுட்டிய பொருளைச் சிமிட்டி இன்று ஓரங்கட்டிவிட்டது. அறிஞர்கள் அதற்குப் பைஞ்சுதை என்று அழகிய பெயர் சூட்டினர். மக்கள் நாவில் நிலைத்ததோ சிமிட்டியும் சிமெண்டுமே. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமிட்டியை உலகம் ஆக்கிக் கொள்கிறது. மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு இத்தொழிலிலிருந்தே எழுகிறது. அதனைக் குறைக்க வழிதேடிய கட்டடப் பொறியியல் ஆய்வாளர்கள், இந்நூற்றாண்டில் வந்து சேர்ந்த இடங்களுள் முக்கியமானது, சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணக்கல்லையும் கூட்டிச் செய்யும் ஒரு புதுச் சிமிட்டி. தமிழகக் கொத்தர்கள் சுர்க்கி என்னும் பெயரில் கையாண்டு வந்த பொருளுக்கு இது நெருங்கிய உறவு. கைவசம் இருந்த அறிவு ஒன்று எவ்வாறு நழுவியது, நழுவியதை ஆய்வுலகம் எவ்வழியாக மீண்டும் எட்டியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நீறும் காற்றும்

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உள்ளது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றியே இக்கோயிலை அமைத்ததாக மன்னன் அதில் பெருமிதம் கொள்கிறான். கலை வரலாற்றாசிரியர்கள் இதனைக் கற்கோயிலின் பிறப்புச் சான்றாகக் கொள்வர். கட்டடப்பொருளின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அது மறுபுறமாகவும் பயன்படும்: அதுவரை கோயில் என்றால் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றியமையாதவையாக இருந்தன என்பதற்கு அதனினும் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை. மறுத்துரைக்கும் கூற்றுகளே வழக்கத்தை நன்கு காட்டிக் கொடுப்பவை. கற்கோயில் பெருகிய பின்னும் சுதை ஒழிந்துவிடவில்லை. கோபுரத்தின் அடித்தளம் கருங்கல்லாயினும் மேனிலைகள் செங்கல்லும் சுதையுமே. அங்கே நிற்கும் தேவரும் பூதரும் சுதை உருவங்களே.

கட்டடங்கள் அனைத்தும் சுண்ணத்தால் நின்றன என்றும் சொல்லிவிடக்கூடாது. கல்லணையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் ஆராய்ந்தபோது, அதன் உட்பகுதி கரடுமுரடான கற்களைக் களிமண்ணில் பதித்து எழுப்பப்பட்டதென்று கண்டனர். ஏறத்தாழ 1080 அடி நீளமுள்ள அவ்வணை பளுவாலும் வடிவாலும் நின்றதேயன்றிச் சாந்தின் பிடிப்பால் நின்றதன்று.

சுண்ணத்தின் இயல்பு வியக்கத்தக்கது. தூய சுண்ணக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால், நூறு பங்கு எடையில் நாற்பத்துநான்கு பங்கு கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். ஐம்பத்தாறு பங்கு சுட்ட சுண்ணாம்பாக எஞ்சும். அதன்மேல் நீர் வார்த்தால் கொதித்துப் பொங்கி வெண்பொடியாகும். நீற்றுதல் என்னும் தமிழ் வினை, தீயில் சுடுவதற்கும் நீரால் பொடியாக்குவதற்கும் ஒன்றாகவே வழங்கியது. பொடிந்தது நீறு. திருநீற்றையும் சுண்ணாம்பையும் ஒரே சொல்லால் குறித்ததில் சமயப் பொருள் தேடுவார் தேடலாம். தீயில் வெந்து வெண்மையாய் எஞ்சியது என்னும் கண்கண்ட பொருளே முந்தியதாகத் தோன்றுகிறது. நீறு மணலோடு குழைந்து சுவரில் அமர்ந்தபின், தான் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. காளவாயில் கல் விட்ட மூச்சைச் சுவரில் திரும்ப இழுத்துக்கொள்கிறது. திங்கள்களும் ஆண்டுகளும் நீளும் செயல் இது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931ஆம் ஆண்டு எஸ்.கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். அவற்றின் பூச்சைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அப்பத்தாண்டிலேயே ஆராய்ந்து, ஈரம் உலராத சுண்ணப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை அவை என்று முடிவு கூறினார். சுண்ணம் காற்றை உண்டு கல்லாகும்போது வண்ணத் துகள்களையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. பழங்காலச் சாந்தைக் கண்ணால் வியப்பதோடு நிறுத்தாமல் குடுவையில் இட்டு ஆராயும் மரபு தமிழகத்தில் அவ்வாறு தொடங்கிற்று. பரமசிவனின் பெயர் இலக்கிய உலகில் அறியப்பட வேண்டிய அளவுக்கு அறியப்படவில்லை.

ஆனால், காற்றை உண்டு இறுகும் இச்சுண்ணத்துக்கு ஒரு குறை உண்டு. நீருக்கடியில் காற்று இல்லை. எனவே அங்கு அது இறுகாது. கிணறு, குளத்து மதகு, அணை ஆகியவற்றுக்கு வேறொன்று துணைசெய்ய வேண்டியிருந்தது. அத்துணையே சுட்ட களிமண். நன்கு இடித்த செங்கல் தூளைச் சுண்ணத்தோடு கூட்டிக் காரையாக்கினால் அது நீருக்குள்ளும் இறுகும். களிமண் தீயில் தன்னுள் கட்டுண்ட நீரை இழக்கும்போது அதன் சிலிக்காவும் அலுமினாவும் அமைதி குலைந்து சுண்ணத்தோடு கூடத் துடிக்கின்றன. கூடிப் பிறக்கும் பசை காற்றை எதிர்பார்ப்பதில்லை. இதனை உரோமரும் அறிந்திருந்தனர். நேப்பிள்சுக்கு அருகிலுள்ள பொசுவோலியின் எரிமலை மண்ணையும் உடைந்த ஓட்டின் தூளையும் அவர்கள் சுண்ணத்தோடு சேர்த்தார்கள். ஆகவே இது தமிழர்க்கு மட்டுமே உரிய கண்டுபிடிப்பு என்று முழங்குவதற்கு இடமில்லை. சுர்க்கி என்னும் பெயரே பாரசீகத்திலிருந்து வந்தது. சுர்க் என்றால் சிவப்பு. சுட்ட மண்ணின் நிறமே அதன் பெயராயிற்று. செங்கல்லின் செம்மையும் அதே நிறமன்றோ!

சென்னைப் பொறியாளரும் விக்காவின் நூலும்

நீருக்குள் இறுகும் சுண்ணம் ஏன் அவ்வாறு இறுகுகிறது என்னும் வினாவை முறையாக எழுப்பியவர் இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன். எடிஸ்டன் பாறைமீது 1756 முதல் 1759 வரை கலங்கரை விளக்கம் எழுப்பிய அவர், பலவகைச் சுண்ணக்கற்களைச் சுட்டும் கரைத்தும் பார்த்தார். தூய சுண்ணக்கல்லைவிடக் களிமண் கலந்த மட்டச் சுண்ணக்கல்லே நீரில் நன்கு இறுகுகிறது என்பது அவர் கண்ட முடிவு. தம்மைக் குடிமைப் பொறியாளர் என்று முதலில் அழைத்துக்கொண்டவரும் அவரே. அவருக்குப்பின் பிரான்சில் லூயி விக்கா 1818இல் தம் சோதனைகளை வெளியிட்டுச் சுண்ணத்தையும் களிமண்ணையும் வேண்டிய அளவில் கலந்து சுட்டு, நீரில் இறுகும் சுண்ணத்தைச் செயற்கையாகவே ஆக்கமுடியும் என்று நிறுவினார். இன்றைய சிமிட்டி ஆய்வு முழுவதற்கும் அதுவே வித்து.

விக்காவின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இலண்டனின் பேராசிரியர் ஒருவர் அல்லர்; சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த காப்டன் ஜே.டி. ஸ்மித். 1837இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பில் தம் குறிப்புகளையும் அவர் சேர்த்தார். இந்நாட்டில் காரை குழைக்கும் நீரில் வெல்லம் கரைக்கும் வழக்கம் அவற்றுள் இடம்பெறுகிறது. பிரெஞ்சு ஆய்வாளரின் அட்டவணைகளுக்கு அடியில் தென்னாட்டுக் கொத்தரின் வெல்லப்பானை வந்து நிற்கும் அக்காட்சி எண்ணத்தக்கது. அக்கொத்தரின் பெயர் நூலில் இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. ஆயினும் கைத்தொழில் அறிவும் சோதனைச்சாலை அறிவும் ஒரே பக்கத்தில் சந்தித்த அரிய தருணம் அது. இதே ஸ்மித் வடிவமைத்ததுதான் இன்றும் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத் தூண். 1838இல் பணி தொடங்கிய அதில் 1844இல் விளக்கேற்றப்பட்டது.

சென்னைச் சுண்ணப்பூச்சின் புகழ் அக்காலத்தில் கடல்கடந்தது. பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நெய்ய அரைத்து, முட்டை வெண்கருவும் தயிரும் வெல்லமும் கூட்டிப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளிங்கென மின்னச் செய்வர். ஐரோப்பியப் பயணிகள் அதைப் பளிங்கு என்றே மயங்கினர். சுண்ணாம்பு என்னும் சொல் திரிந்து சுணாம் என ஆங்கிலத்தில் புகுந்தது. மேல்தளத்துக்கோ தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் பரப்பிப் பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் நாட்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்துவர். கடுக்காய் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே அடிப்பர். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியியல் நூல்களில் இடம்பெற்ற தளம் இதுதான். தாளம் தவறினால் தளம் கெடும் என்பதால் பாட்டு அங்கே ஒரு கருவியாகவே இருந்தது. நாட்டுப்பாடல் தொகுத்தோர் சுண்ணாம்பு இடிக்கும் பாட்டுகளைப் பதிவு செய்தனர். அப்பாட்டு எதை அளந்தது என்பதைப் பதிவு செய்தவர் குறைவு.

வெல்லமும் கடுக்காயும் வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சர்க்கரை சுண்ணத்தின் கரைதிறனைப் பெருக்குகிறது. இறுகுதலைத் தாமதமாக்கிக் குழைவைக் கூட்டுகிறது. கடுக்காயின் துவர்ப்பொருளும் காரையின் நடத்தையை மாற்றுகிறது. பழங்கட்டடங்களின் காரையை எடுத்துப் பகுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அண்மைக் காலத்தில் வேலூரிலும் சென்னையிலும் உள்ள தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களில் நடைபெற்றுள்ளன.

பெரியாற்றின் குறுக்கே

சுண்ணமும் சுடுமண்ணும் தமிழக வரலாற்றில் ஏற்ற மிகப்பெரிய பொறுப்பு முல்லைப் பெரியாறு அணை. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கும் திட்டம் அது. ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. ஆழ்ந்த அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் 1200 அடி நீளமும் கொண்ட இவ்வணையின் உட்பகுதி, சுண்ணமும் சுர்க்கியும் மணலும் கல்சல்லியும் கலந்த கற்காரை. முன்னும் பின்னும் கற்கட்டு. வெள்ளத்தாலும் காய்ச்சலாலும் கொள்ளை நோயாலும் மாண்டவர் பலர். கட்டியோர் கல்லறைகள் அக்காட்டில் உள்ளன.

பென்னிகுயிக்கைப் பற்றித் தேனி, மதுரை மாவட்டத்து மக்கள் சொல்லும் கதைகள் ஏராளம். கதைகளில் மிகை உண்டு. ஆனால் மக்கள் நன்றியில் மிகை இல்லை. இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது, போர்ட்லாண்டு சிமிட்டி இங்கிலாந்தில் 1824இல் ஜோசப் ஆஸ்ப்டினால் காப்புரிமை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்தபின்னும், இத்துணைப் பெரிய அணை சுண்ணத்தையும் சுட்ட மண்ணையும் நம்பி எழுந்தது என்பதே. காவிரியின் மேற்பகுதியில் 1911இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணராஜ சாகரமும் சுர்க்கிக் காரையால் கட்டப்பட்டதே.

நூறாண்டு கடந்த காரை எவ்வளவு உறுதியானது என்னும் வினா ஆய்வரங்கிலிருந்து வழக்குமன்றத்துக்குச் சென்றதையும் குறிப்பிட வேண்டும். அணையின் உடலில் கசியும் நீர் சுண்ணத்தைச் சிறுகச் சிறுகக் கரைத்துச் செல்கிறது என்னும் அச்சம் எழுப்பப்பட்டது. மத்திய நீர்வள ஆணையத்தின் அறிவுரைப்படி 1979க்குப்பின் அணையின் தலைப்பில் கனத்த கற்காரை மூடி இடுதல், எஃகு வடங்களைத் துளைவழியே செலுத்திப் பாறையோடு பிணைத்தல், பின்புறம் கற்காரை அணைப்பு எழுப்புதல் ஆகிய வலுவூட்டும் பணிகள் நடைபெற்றன. அணை பாதுகாப்பானது என்று கொண்டு, நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என உச்சநீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. இரு மாநில மக்களின் அச்சமும் தேவையும் அத்தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை. ஒரு கட்டடப்பொருளின் வேதியியல் இலட்சக்கணக்கானோரின் வாழ்வாதாரமாகவும் உறக்கமின்மையாகவும் மாறும் என்பதற்கு இதற்கு மேல் ஓர் எடுத்துக்காட்டு தென்னாட்டில் இல்லை.

சிமிட்டியின் வரவு

இந்தியாவில் சிமிட்டி ஆக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையில்தான் நிகழ்ந்தது; கடற்கிளிஞ்சலே அதற்கும் மூலப்பொருள். அது நிலைக்கவில்லை. 1914இல் குசராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வெற்றி கண்டது. பின்னர் மதுக்கரை, கல்லக்குடி, தாழையூத்து என்று தமிழகத்தின் சுண்ணக்கல் வளம் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் ஆலைகள் எழுந்தன. கல்லக்குடியில் ஆலையின் பெயரே ஊரின் பெயராகி டால்மியாபுரம் ஆனதும், 1953 சூலையில் பெயர்மாற்றம் கோரித் தொண்டர்கள் தண்டவாளத்தில் படுத்ததும், அவர்களுள் மு. கருணாநிதி முன்னின்றதும் தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் இடம்பெற்றவை. அப்போராட்டம் ஊரின் பெயரைப் பற்றியது. ஊரின் மண்ணைப் பற்றிய வினா அப்போது எழவில்லை. எழும் காலமும் அதுவன்று.

அம்மண்ணின் வரலாறோ மிக நீண்டது. திருச்சியின் வடகிழக்கிலிருந்து அரியலூர் வரை பரந்த சுண்ணக்கல் படுகை, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்குமுன் தொடங்கிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அங்கு அலைவீசிய கடலின் வண்டல். சுருள்சுருளான அம்மோனைட்டுச் சிப்பிகளும் பிற கடலுயிர்களும் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. உலக நிலவியலாளர்கள் தேடிவரும் தொல்லுயிர்க் களஞ்சியம் அது. கடல்கோள் பற்றிப் பாடிய தமிழுக்கு, கடல் விலகி நிலமான ஊர் ஒன்று அரியலூரில் சான்றாக இருப்பது புலவர்கள் கவனிக்கத்தக்கது. அக்கடலின் தரைதான் இன்று மூட்டைகளில் அடைபட்டு ஊரூராகச் செல்கிறது.

சிமிட்டி ஏன் வென்றது? அந்நியர் சூழ்ச்சி என்று சொல்லிவிடுவது எளிது, உண்மையன்று. சுண்ணக் காரை திங்கள்கணக்கில் இறுகும். சிமிட்டியோ இருபத்தெட்டு நாளில் கணக்குக் காட்டும். எஃகுக் கம்பியோடு கூடிய கற்காரை பாலங்களையும் அடுக்குமாடிகளையும் இயலச் செய்தது. சுர்க்கியின் தரமோ சூளைக்குச் சூளை மாறியது. அளவோடு சுட்ட களிமண்ணுக்கே சுண்ணத்தோடு கூடும் வேட்கை உண்டு. வெப்பம் மிகுந்தால் அது மீண்டும் படிகமாகி உறங்கிவிடும். எந்தச் சூளையின் எந்த அடுக்குக் கல்லை இடித்தார்கள் என்பதைப் பொறுத்து ஓரிடத்துக் காரை உறுதியாகவும் மற்றோரிடத்துக் காரை வெறும் செம்மண்ணாகவும் முடிந்தது. அனுபவம் மிக்க கொத்தர் தொட்டும் தட்டியும் தேர்ந்தெடுத்தார். அத்தேர்வை எழுத்தில் வடித்து வகுப்பறையில் கற்பிக்க எவரும் முனையவில்லை. ஸ்மித் 1837இல் தொடங்கிய உரையாடல் தொடர்ந்திருந்தால் இதற்கு விடை கிடைத்திருக்கும். பழமையும் மாசற்றதாக இருக்கவில்லை: காளவாய்க்கும் சூளைக்கும் விறகு காட்டிலிருந்தே வந்தது, நீற்றும் தொழிலாளர் கையும் கண்ணும் வெந்தன.

சிமிட்டிக்கு நாம் தரும் விலை வேறு வகையானது. சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் 1450 பாகையில் சுட்டுக் கட்டியாக்குவது கிளிங்கர். ஒரு டன் கிளிங்கருக்கு 0.8 முதல் 0.9 டன் வரை கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பெரும்பங்கு எரிபொருளின் புகையன்று; சுண்ணக்கல்லே விடும் மூச்சு. சூரிய ஒளியால் சுட்டாலும் அம்மூச்சு நிற்காது. சுண்ணக் காரையோ தான் விட்ட மூச்சைச் சுவரில் திரும்பப் பெறும். கம்பி பதித்த கற்காரைக்கு அதே வாயு நோயாகிவிடுகிறது. அது உள்ளே புகப்புகக் கற்காரையின் காரத்தன்மை குன்றி, எஃகு தன் காப்பை இழந்து துருப்பிடிக்கிறது. ஒன்றுக்கு உயிரானது மற்றொன்றுக்குக் கேடாவதால், பழைய முறைக்கு அப்படியே திரும்புங்கள் என்னும் அறிவுரை வகுப்பறைக்கு வெளியே செல்லாது.

பழங்கட்டடங்களைச் சிமிட்டியால் பழுதுபார்ப்பதால் வந்த கேடும் இங்கே சேர்க்கத்தக்கது. சுண்ணச்சுவர் ஈரத்தை வாங்கியும் விட்டும் வாழ்வது. அதன்மேல் சிமிட்டிப் பூச்சு ஏறினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்பு பூத்து, பூச்சு பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. குடமுழுக்கை ஒட்டி நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட பல திருப்பணிகள் சுதை உருவங்களுக்கு இவ்வாறு ஊறாயின. சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூன் மாதம் தொன்மைக் கோயில்களின் பாதுகாப்புக்கென 75 நெறிகளை விதித்தது. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கை கிடைக்க வேண்டும் என்பது அந்நெறிகளுக்கு அடுத்து எழும் வினா. மாடு பூட்டிய காரைச்செக்கின் வட்டத் தொட்டிகள் கோயில் பின்புறங்களில் மண்மூடிக் கிடக்கின்றன.

மீண்டும் களிமண்

சிமிட்டியில் கிளிங்கரின் பங்கைக் குறைத்து வேறொன்றை நிரப்புதல் ஆய்வாளர் கண்ட வழி. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் அவ்வாறு பயன்படுகின்றன. நிலக்கரிச் சாம்பல் நீர்நிலைகளை மூடிக் கெடுப்பதைவிடச் சிமிட்டியில் சேர்வது நன்றே. எனினும் நிலக்கரி எரிப்பைக் குறைக்க வேண்டிய உலகில் அதன் சாம்பலை நம்பி நெடுங்காலம் கட்ட இயலாது. அளவாலும் உலகெங்கும் கிடைப்பதாலும் எஞ்சுவது களிமண். இவ்வழி முற்றும் மறக்கப்பட்டதும் அன்று: பக்ரா அணையின் கற்காரையில் சுட்ட களிப்பாறைத் தூள் சேர்க்கப்பட்டது, 1991இல் சுட்ட களிமண் சேர்ந்த சிமிட்டிக்கென இந்தியத் தரவிதி ஒன்றும் வெளிவந்தது. விதி ஏட்டில் இருந்தது. பேரளவில் வழக்கில் வரவில்லை.

சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் கேரன் ஸ்கிரிவனரும், கூபாவின் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ மார்த்திரேனாவும் இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் கூடி நடத்திய ஆய்வுதான் திருப்பத்தைத் தந்தது. பொருளாதாரத் தடையால் நெருக்குண்ட சிறுதீவு குறைந்த செலவில் வீடு கட்ட வேண்டிய தேவை அதன் பின்னணியில் இருந்தது. அவர்கள் கண்ட கூறு சிறியது, ஆனால் வலியது: சுட்ட களிமண்ணோடு சுடாத சுண்ணக்கல் தூளையும் சேர்த்தால், களிமண்ணின் அலுமினா அச்சுண்ணக்கல்லோடும் கூடிப் புதிய படிகங்களை விளைத்து நுண்துளைகளை நிரப்புகிறது. எனவே கிளிங்கரை ஐம்பது விழுக்காடாகக் குறைத்து, முப்பது பங்கு சுட்ட களிமண்ணும் பதினைந்து பங்கு சுண்ணக்கல்லும் ஐந்து பங்கு சிப்சமும் சேர்த்தும் வலிமை குன்றவில்லை. களிமண்ணைச் சுட 700 முதல் 850 பாகை போதும். சுடும்போது அது வெளிவிடுவது நீராவியே. வழக்கமான சிமிட்டியோடு ஒப்பிட கரியமில வாயு 40 விழுக்காடுவரை குறைகிறது.

தில்லியிலும் சென்னையிலும் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2010களில் இவ்வாய்வில் இணைந்தன. சான்சியில் ஒரு மாதிரி வீடு இச்சிமிட்டியால் எழுந்தது. சென்னை ஆய்வாளர்கள் பெரிதும் ஆராய்ந்தது இதன் நீடுழைப்பை. கடலின் உப்பு உட்புகுவதை இது நன்கு தடுக்கிறது என்பது நெடிய கடற்கரை உடைய நாட்டுக்கு நற்செய்தி. காற்றின் கரியமில வாயு இதில் சற்று விரைந்து புகும் என்பதையும் ஆய்வுலகம் மறைக்கவில்லை. ஈரம் காக்கும் பக்குவமும் கம்பிக்குமேல் போதிய கனமும் வேண்டும். 2023இல் இந்தியத் தர நிறுவனம் இதற்கெனத் தனி விதியை வெளியிட்டது.

இதற்கு வேண்டும் களிமண் பீங்கானுக்கும் காகிதத்துக்கும் தேறும் உயர்ந்த வகையாக இருக்க வேண்டியதில்லை. கயோலின் 40 விழுக்காடு இருந்தால் போதும். கொத்தர் தட்டிப் பார்த்துத் தேர்ந்ததை ஆய்வாளர் இன்று வெப்பமானியாலும் ஊடுகதிராலும் தேர்கின்றனர். எத்தனை பாகையில் களிமண் விழிக்கிறது, எத்தனை பாகையில் மீண்டும் உறங்குகிறது என்பது எண்ணாகிவிட்டது. சுர்க்கியின் பழைய குறை தீர்ந்தது இங்கேதான். சுண்ணக்கல்லின் துணையும் கம்பியின் தேவையும் கொத்தர் அறியாதவை. ஆதலால் இதனை முன்னோர் கண்டதே என்று உரிமை கொண்டாடுவது ஆய்வாளர் உழைப்பைக் குறைப்பதாகும். முன்னோர்க்கு ஒன்றுமே தெரியாது என்பதும் அதே அளவு பிழை.

சிறு குறிப்பு ஒன்று எஞ்சுகிறது. இரும்புச்சத்துள்ள களிமண் சுட்டால் சிவக்கும். அதனால் ஆகும் சிமிட்டியும் செந்நிறம் காட்டும். சிமிட்டி என்றால் சாம்பல் நிறம் என்று பழகிய கொள்வோர் அதைக் கலப்படம் என்று ஐயுறுகின்றனர். எனவே களிமண்ணைச் சுட்டு ஆற்றும்போது காற்றைக் கட்டுப்படுத்தி, அதன் செம்மையைச் சாம்பலாக மாற்றும் முறை ஒன்றையும் தொழில்நுட்பர்கள் வகுத்துள்ளனர். சிவப்பு என்றே பெயர்பெற்றிருந்த பொருள், அந்நிறத்தைக் களைந்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறது.